குடும்பப் பின்னணி என்றொரு கட்டம்

(கம்மாபுரத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நேர்காணலுக்கு எப்படிப் போக வேண்டும், பயோடேட்டா எப்படி எழுத வேண்டும் என்று பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதைப் பேச யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் வேறொன்றைப் பேசுகிறேன். உங்களை நேர்காணலுக்கு அனுப்பும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் எப்படித் தயாராகிறார் என்பதைப் பற்றி. ஏனென்றால் இப்போது அந்த நாற்காலியில் நான் இருக்கிறேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகப் போகிறது. ஒப்பந்தப் பணி. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே பதினோரு மாதக் கதைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

சேர்ந்த அன்று காலை கண்காணிப்பாளர் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். "எந்த ஊரும்மா?" என்றார். கம்மாபுரம் என்றேன். "கம்மாபுரத்துல எங்க?" நானும் தெரியாதவள்போல, "விருத்தாசலத்துல இருந்து போறப்ப..." என்று வழி சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது தெரியும்மா. ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்றார்.

வெளியில்தான் சார், என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் எஸ்.சி., எஸ்.டி. தனிப் பிரிவின் கோப்புகளும் என் மேசைக்கு வந்துவிட்டன. "உனக்குத்தான் அந்தப் பசங்களோட கஷ்டம் புரியும்." மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் ஒரு மேசையில் கூடுவார்கள். நான்காவது நாற்காலியில் எப்போதும் ஒரு பை இருக்கும். அந்தப் பையை எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. இந்த அலுவலகத்தில் பெரியார் படம் மாட்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புது ஆலோசகருக்குப் பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. ஒரு கணினி, ஒரு எக்செல் கோப்பு, நிறுவனங்களின் தொலைபேசி எண்கள் எழுதிய ஒரு பழைய நோட்டு. மீதியைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நான் முதலில் கற்றுக்கொண்டது சொற்கள். "பையன் நல்ல பையன், கம்யூனிகேஷன் வீக்." "பொண்ணு மார்க் இருக்கு, ஆனா பாலிஷ் பத்தாது." "எக்ஸ்போஷர் இல்ல." "பேக்ரவுண்ட் எப்படி?" இவை எதிலும் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் இந்தச் சொற்கள் விழுந்த பெயர்களை எடுத்து ஒரு தாளில் எழுதினால், அதில் பெரும்பாதி விடுதி மாணவர்களின் பெயராக இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு மாணவியின் விண்ணப்பத்தின் ஓரத்தில் 'பாலிஷ் பத்தாது' என்று பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது.

வேலையிடத்துக்குப் பழகிக்கொள்வது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது. யாரும் வந்து சாதி பார் என்று சொல்லித்தர மாட்டார்கள்.

விதிகளையும் பாருங்கள். நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், அரியர் வரலாறே இருக்கக் கூடாது என்று போட்டிருக்கும். இதில் சாதி எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்து ஒரு தாளில் தோற்று, அடுத்த பருவத்திலேயே அதை எழுதித் தேறிய பிள்ளைகள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். சரி, நானும் தூக்குகிறேன். இப்போது கையில் அரியர் இல்லை, ஆனால் 'வரலாறு' இருக்கிறது. அந்த ஒரு வரி நம்மை வாசலிலேயே நிறுத்திவிடும். என் எக்செல் கோப்பில் ஒரு வடிகட்டிப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது, முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

இதில் ஒன்றைச் செய்து பார்த்தேன். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, 'தற்போது அரியர் இல்லை என்றால் போதுமா?' என்று கேட்டேன். பாதி நிறுவனங்கள் சரி என்றுதான் சொன்னார்கள். அந்த வரியை யாரோ எப்போதோ எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கே ஏன் என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லாததால் அது நின்றிருக்கிறது.

இன்னொன்று கணக்கு. தேசியத் தரவரிசைக்கும் நாக் குழுவுக்கும் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடு ஊதியம் எவ்வளவு என்று காட்ட வேண்டும். அதனால் நன்றாகப் பேசும் பத்துப் பிள்ளைகளை எல்லா நேர்காணலுக்கும் அனுப்பு, ஒருவனுக்கு மூன்று ஆணை வந்தாலும் மூன்று என்று சுவரொட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்பது எங்கும் ஓடும் வழக்கம். அந்தப் பத்துப் பேர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் பெரியப்பா கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு நிறுவனங்களும் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்துதான் ஆளெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு அழைப்பு வரவேயில்லை. இருந்தாலும் அந்த வரிசையில் ஒரு நியாயம் இருந்தது. முன்னால் பதிந்தவர் முன்னால். உன் அப்பா யார் என்று அந்த அட்டை கேட்கவில்லை. இன்று அந்த அலுவலகத்தின் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் படிவம் கேட்கிறது.

அந்தப் படிவத்துக்கு வருகிறேன். ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நம் ஒன்றியத்துப் பையன். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, இருபது ஆண்டுக்கு மேலாக. அம்மா நடவுக்குப் போனவர். இப்போது நடவுக்கு நிலம் குறைந்துவிட்டது. 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சுற்றுவட்டாரம் நிலத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தீர்கள். பட்டா வைத்திருந்தவரிடம் இழப்பீடு போதாது என்று சண்டை போடவாவது ஒரு தாள் இருந்தது. அந்த வயலில் நாற்று நட்டவளிடம் எந்தத் தாளும் இல்லை. இங்கே நம் தெருக்களில் பட்டா எத்தனை பேரிடம் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "என்.எல்.சி.யில எப்ப எடுப்பாங்க?" என்பதுதான். 2022இல் பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்களை 'கேட்' தேர்வு மதிப்பெண் வைத்து எடுக்கப் போவதாக அறிவித்து, நேர்காணலுக்கு அழைத்தவர்களின் பட்டியலில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது பல கட்சிகளும் கண்டித்தன. கண்டித்தது சரி. அந்தப் போராட்டத்தில் 'மண்ணின் மைந்தர்' என்ற சொல் நிறைய ஓடியது. அந்தச் சொல்லுக்குள் நடவு நட்டவளின் மகன் இருக்கிறானா என்று கேட்டவர்கள் குறைவு.

அந்தத் தம்பிக்கு ஒரு தனியார் இயந்திர நிறுவனத்தின் நேர்காணல். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். முந்தைய நாள் மாதிரி நேர்காணல் வைத்தேன். எங்கள் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம். அதில் 'ஒப்பந்தத் தொழிலாளி' என்று எழுதியிருந்தான். நான் பேனாவை எடுத்து 'ஒப்பந்த' என்பதை அடித்தேன். "என்.எல்.சி.யில வேலை பாக்குறார்னு மட்டும் சொல்லுப்பா. பொய் இல்லியே?" என்றேன். முகவரியில் இருந்த 'காலனித் தெரு' என்பதையும் எடுக்கச் சொன்னேன். விடுதி முகவரியையும் எடுக்கச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் திருத்திக்கொண்டான்.

மறுநாள் நேர்காணல் அறையில் நானும் ஓரமாக இருந்தேன். பாடக் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னான். பிறகு அந்த எச்.ஆர். அதிகாரி, "அப்பா என்ன பண்றார்?" என்றார். சொல்லிக்கொடுத்தபடி சொன்னான். அதிகாரி முகம் மலர்ந்துவிட்டது. "அட, நானும் டவுன்ஷிப்லதான் வளர்ந்தேன். எந்த வட்டம்? குவார்ட்டர்ஸ் எந்த வட்டத்துல?"

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் விசாரித்துக்கொள்வார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். தம்பி என்னைப் பார்த்தான். அதை என்னால் மறக்க முடியாது. பிறகு, "குவார்ட்டர்ஸ் இல்ல சார், ஊர்லதான்" என்றான். "ஓ" என்றார் அதிகாரி. அதன்பிறகு இரண்டு கேள்விகள்தான். பட்டியலில் பெயர் வரவில்லை.

வராண்டாவில் அவனைத் தேடிப் போனேன். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவன் அன்றுதான் முதல் தடவையாக அக்கா என்றான். "அக்கா, எங்கப்பா காண்ட்ராக்ட்ல இருக்கார்னு சொல்ல எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல. நீங்கதான் வேணாம்னீங்க."

நான் அவனுக்கு வழிகாட்டப் போனவள். அவனுக்கு இல்லாத ஒரு கூச்சத்தைக் கற்றுக்கொடுத்து, அதற்கு மேல் ஒரு பொய்யனாகவும் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று இரவு அண்ணல் அம்பேத்கரின் பரோடா நினைவுக்கு வந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். 1917இல் கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த மனிதர், பரோடா அரசின் உதவித்தொகைக்கான ஒப்பந்தப்படி அங்கே வேலையில் சேரப் போகிறார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயரைப் போட்டுக்கொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு ஆட்கள் வந்து வெளியேற்றுகிறார்கள். அலுவலகத்திலோ, கடைநிலை ஊழியர்கள் கோப்பை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் தூக்கிப் போட்டார்கள் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிறகு பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு வந்தது. புதிதாக ஒரு வேலையிடத்துக்குப் பழகிக்கொள்வது பற்றி யாராவது புத்தகம் எழுதினால் முதல் அத்தியாயம் அங்கேதான் தொடங்க வேண்டும். அந்தப் பார்சிப் பெயரும் நான் அடித்த 'ஒப்பந்த'வும் ஒரே வகைதான். ஒரே வித்தியாசம், அவர் வேறு வழியில்லாமல் தனக்குத் தானே செய்துகொண்டார். நான் இன்னொருவரைச் செய்யவைத்தேன்.

மறைப்பது தவறு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மறைக்கக் காரணம் இருக்கிறது. சுக்தேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு, 66 வாரங்களில், 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றுபோல. பெயர் மட்டும் வேறு: ஆதிக்க சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேர்காணலுக்கு முன்பே, வெறும் தாளிலேயே இவ்வளவு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதி நிறுவனங்களின் ஆளெடுப்பு மேலாளர்கள் 25 பேரிடம் பேசி எழுதிய கட்டுரை வந்தது. தகுதி, திறமை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்காமல் ஆளெடுப்பதில்லை என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் நமக்குப் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. சுயமரியாதை இயக்கம் கொடுத்த கொடை அது. ஆனால் நம் பயோடேட்டாவில் தெருப் பெயர் இருக்கிறது, விடுதிப் பெயர் இருக்கிறது, அப்பா தொழில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஜூலையில், ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று தனித்தனிப் பெயரில் இருந்த எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயர் வந்தது. பெயர் மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று தோழர்கள் சிலர் கிண்டல் செய்தார்கள். விடுதிக் கழிப்பறை மாறவில்லை என்றால் அந்தக் கிண்டல் நியாயம்தான். ஆனால் என் மேசையிலிருந்து பார்க்கும்போது அது சின்ன விஷயம் இல்லை. அதுவரை ஒரு பிள்ளையைத் தனியே காட்டிக்கொடுத்த வரி, இப்போது பலதரப்பட்ட பிள்ளைகளுக்கும் பொதுவான வரியாகிவிட்டது.

அங்கிருந்துதான் எனக்கு ஒன்று புரிந்தது. நான் அந்தத் தம்பியின் படிவத்தை மட்டும் திருத்தினேன். திருத்த வேண்டியது எல்லாருடைய படிவத்தையும். வீட்டு முகவரி ஒரு நிறுவனத்துக்கு எதற்கு? வேலை ஆணை அனுப்பக் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் போதும். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது கடைசல் இயந்திரம் ஓட்டத் தெரியுமா என்பதற்கு என்ன விடை தரும்? ஊருக்குள் வீடு இருக்கும் பிள்ளையின் படிவத்திலும் அந்தக் கட்டம் இல்லை என்றால், நம் பிள்ளை எதையும் மறைக்க வேண்டியதில்லை. அவன் தன் அப்பாவைப் பற்றிப் பெருமையாகப் பேச விரும்பினால் பேசட்டும், அது அவன் விருப்பம்.

எழுதி, இயக்குநரிடம் கொண்டுபோனேன். "நிறுவனங்கள் கேக்குறாங்கம்மா" என்றார். எந்த நிறுவனம் என்று கேட்டேன். கோப்பைப் புரட்டினோம். ஒரு நிறுவனமும் எழுத்தில் கேட்டிருக்கவில்லை. அந்தப் படிவம் யாரோ ஒரு பழைய கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தைப் பார்த்து அடித்தது. "இவ்வளவு நாளா இருக்கு, இப்ப ஏன்?" என்றார். பிறகு, "நீ எல்லாத்தையும் அந்தக் கண்ணாலயே பாக்குறம்மா" என்றார். அவர் அந்தக் கண்ணாலயே என்று சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஊருக்குள்ளயா வெளியிலயா என்று முதல் நாள் என்னிடம் கேட்டது எந்தக் கண் என்று கேட்டிருக்கலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம், கேட்கவில்லை. அதையும் உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் இரண்டு துறைகளுக்கு மட்டும் 'சோதனை முயற்சியாக' அனுமதித்தார். தந்தை தொழிலும் வீட்டு முகவரியும் போய்விட்டன. வருமானக் கட்டத்தை எடுக்க முடியவில்லை. புகைப்படத்தையும் எடுக்க முடியவில்லை. நிறத்தைப் பார்த்துப் பெண் பிள்ளைகளைக் கழிக்கும் கதையைப் பேசினால் இன்று முடியாது. நேர்காணல் அறைக்கு என்னைவிட மூத்த ஒரு பேராசிரியர் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார். குடும்பக் கேள்வி வந்தால், அது வேலைக்குத் தொடர்புடையதா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். அவர் கேட்டால் எச்.ஆர். சிரிக்கிறார். நான் கேட்டால் புகார் போகும். அது எனக்குக் கசப்புதான், ஆனால் வேலை நடக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை என்று ஆணை வந்தால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் விடுதியைக் கேளுங்கள். ஒரு அறையில் எத்தனை பேர், சாப்பாடு யார் தருகிறார், தண்ணீர் இருக்கிறதா. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது விடுதிச் சாப்பாட்டுக்காகத்தான். அதற்குப்பின் எந்த ஆலோசகரும் விடுதி எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது. தெரியாது என்று அவர் சொன்னால், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று நீங்கள் சொல்லலாம். எங்களுக்குப் பயணப்படி உண்டு.

69 சதவீத இடஒதுக்கீடு நம்மைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. அரசு வேலைக்குப் போகிறவர்களை அது இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிப்போகும். மற்ற எல்லாருக்கும் அது முடிகிற இடத்தில்தான் எங்கள் மையத்தின் கதவு இருக்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையை நாம் விடக் கூடாது. அது வரும்வரை அந்தக் கதவுக்குப் பின்னால் யார் உட்கார்ந்து எந்தப் படிவத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்பதை உங்கள் கல்லூரியிலும் போய்ப் பாருங்கள்.

அந்தத் தம்பி இன்று வருவதாகச் சொன்னான். இப்போது ஒரகடத்தில் ஒரு ஆலையில் இருக்கிறான், ஷிப்ட் மாறிவிட்டதாம். புதுப் படிவத்தில் போன முதல் கூட்டத்தில் அவனும் ஒருவன். அங்கேயும் அப்பா பற்றிக் கேட்டார்களாம். "காண்ட்ராக்ட் தொழிலாளி, இருபத்திரண்டு வருஷம்" என்றானாம்.

அடுத்த மாதம் எங்கள் மையத்தில் இன்னொரு ஆலோசகர் புதிதாகச் சேர்கிறார். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கப் போவதில்லை. கண்காணிப்பாளர் கேட்பார். சாப்பாட்டு மேசையில் அந்தப் பையை நானே எடுத்து வைத்துவிட்டு அவரை உட்காரச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

புதுப் படிவத்தின் நகல் இருபது கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிப் பாருங்கள். இன்னும் எந்தக் கட்டத்தை எடுக்க வேண்டும் என்று பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுங்கள். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறேன்.